அவள் ஊதாதபோது ஒலித்த பாட்டு

அவளுக்குக் கழுத்துக்குக் கீழே உணர்ச்சி போய் நான்கு வருடம் ஆகியிருந்தபோது எங்களுக்கு அந்த மாநாட்டு அழைப்பு வந்தது. எங்களுக்கு என்றால் எனக்கும் அவளுக்கும். நான் ஊரப்பாக்கத்தில் குடியிருக்கிறேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், எலக்ட்ரானிக்ஸ் லேபில் உதவியாளர் வேலை. அவள் திருப்போரூரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தெருவில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் செல்போன் பாகங்கள் பூட்டும் ஒரு தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஐந்து வருடம் வேலை பார்த்தோம். என்னைவிட நான்கு வயது சின்னவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தெருச் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பாள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது முன் சீட்டின் கம்பியில் அவள் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். என்ன பாட்டு என்று கேட்டால் வாயைத் திறக்காமல் முனகிக் காட்டுவாள். இறங்குகிற இடம் வந்துவிட்டால் பாதியில் நிறுத்தமாட்டாள். அந்த வரியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். டிரைவர் தினமும் திட்டுவார்.

ஒரு சனிக்கிழமை மதியம் அண்ணன் பைக்கில் செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவளுடைய துப்பட்டா பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. கழுத்தைப் பின்னால் இழுத்து ரோட்டில் போட்டுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. லாரி மோதவில்லை, பைக் விழக்கூட இல்லை. தலையைத் திருப்ப முடியும், இடது தோளைக் கொஞ்சம் தூக்க முடியும், பேச முடியும் என்ற அளவில் ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூச்சும் குறைந்துவிட்டது. நாலு வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும்.

அவள் அண்ணன் ஐ.டி. கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவர். அதற்கப்புறம் அவர் பைக்கில் ஏறியதே இல்லை. கடைக்குப் போனாலும் நடந்துதான் போவார்.

நான் மாதம் ஒருமுறை வண்டலூரில் பஸ் பிடித்து, கேளம்பாக்கத்தில் மாறி, அவளைப் பார்க்கப் போவேன். இரண்டாவது வருடம் ஒருநாள் அவள் சொன்னாள்: "யாரு வூட்லயாவது பாட்டு போட்டா, தலைக்குள்ள வெரலு ஆடுதுக்கா. நிறுத்த முடியல. பேஜாரா கீது." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

லேபில் மாணவர்கள் புராஜெக்டுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த ஒரு காற்றழுத்த சென்சார் இருந்தது. மீன் தொட்டிக்குப் போடுகிற மெல்லிய குழாயை அதில் செருகினேன். அவள் வாய்க்குப் பக்கத்தில் வருகிற மாதிரி அதை ஒரு வளைந்த கம்பியில் கட்டினேன். நெற்றியில் ஒரு பட்டை. அதில் தலை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று சொல்லும் ஒரு சின்ன சிப். தலையைச் சாய்த்து ஸ்வரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஊதினால் அது ஒலிக்கும். மெல்ல ஊதினால் மெல்ல, அழுத்தி ஊதினால் உரக்க. சத்தம் அவளுடைய பழைய கீபோர்டிலிருந்தே வந்தது. நடுவில் டிபன் டப்பா அளவு ஒரு பெட்டி. காற்று வந்தால் அதில் ஒரு பச்சை விளக்கு எரியும்.

முதல்நாள் ஊதிப் பார்த்துவிட்டு, "லேட்டா வருதுக்கா. செவுத்துக்கு அந்தாண்ட வேற யாரோ வாசிக்கிற மாதிரி கீது" என்றாள். என் காதுக்கு அந்தத் தாமதம் தெரியவே இல்லை. அளந்து பார்த்தால் அவள் சொன்னது சரி. அதைக் குறைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போவேன், அவள் குறை சொல்வாள், திரும்பக் கொண்டுவருவேன். ஒருநாள் ஊதினாள், எதுவும் சொல்லவில்லை, மறுபடி ஊதினாள். அடுத்த ஸ்வரத்துக்குத் தலையைச் சாய்த்தாள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவருகே நின்றார்.

அவள் வாசிப்பு கேட்க எப்படி இருக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் அவள் மூச்சு இழுப்பது சின்ன விசில் மாதிரி கேட்கும். கழுத்து களைத்துவிட்டால் ஸ்வரம் ஆடும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிக்க முடியாது. ஒரு கீர்த்தனையை முழுதாக வாசிக்கச் சர்ச்சில் பாடுவதைவிட இரண்டு மடங்கு நேரமாகும். ஆனால் எந்த இடத்தில் மூச்சு வாங்குவது என்று அவள் ஒவ்வொரு பாட்டுக்கும் யோசித்து முடிவு செய்வாள். "இங்க நிறுத்தினா வார்த்த ஒடையுது, அப்பால நிறுத்துறேன்" என்பாள்.

மாநாடு பற்றி நான்தான் இணையத்தில் பார்த்தேன். ஒலிக்கருவிகள் செய்கிறவர்கள், ஸ்டுடியோக்காரர்கள், கீபோர்டு விற்கிறவர்கள் எல்லாரும் கூடுகிற இடம். மகாபலிபுரம் போகிற ஈசியார் கடற்கரைச் சாலையில், திருவிடந்தையைத் தாண்டிக் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் நடத்தினார்கள். உடல் ஊனமுற்றவர்களுக்கான இசைக்கருவிகள் என்று ஒரு பிரிவு போட்டிருந்தது. விண்ணப்பத்தோடு ஒரு ஒலிப்பதிவு கேட்டார்கள். அவள் பதினோரு தடவை வாசித்ததிலிருந்து நல்ல வரிகளாக எடுத்து ஒட்டி, மூச்சு வாங்குகிற இடங்களை வெட்டி, மூன்றரை நிமிடத்தில் ஒரு பாட்டு செய்தேன். அவளுக்குப் போட்டுக் காட்டினேன். "மூச்செல்லாம் வெட்டிட்டியேக்கா" என்றாள். விண்ணப்பத்துக்கு மட்டும்தான் என்றேன்.

ஒரு ஸ்டாலும் மேடையில் ஆறு நிமிடமும் தருவதாக அமைப்பாளர் போன் செய்தார். ரொம்ப மரியாதையான குரல். சக்கர நாற்காலி ஏறச் சரிவு இருக்கிறதா, அதற்கேற்ற கழிப்பறை இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன். "எல்லாமே இருக்கு மேடம்" என்றார்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தொழில் தெரிந்த ஒரு ஆள் அதைக் கேட்டு, கருவி என்ற முறையில் அதில் என்ன சரி, என்ன கோளாறு என்று சொல்லவேண்டும். "பாவம்னு சொல்றவங்க நம்ம தெருவுலயே கீறாங்க. அதுக்கு ஈசியார் வரைக்கும் போவணுமா?" என்றாள்.

இரண்டு நாள் மாநாட்டின் முதல்நாள் காலை அண்ணன் வேனின் நடு சீட்டுகளைக் கழற்றிவிட்டு நாற்காலியோடு அவளை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். ரிசார்ட்டில் போய் இறங்கினால் மண்டபத்து வாசலில் ஏழு படி. சரிவு எங்கே என்று கேட்டதற்குக் காவலாளி எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். சமையலறைக்குச் சாமான் ஏற்றுகிற சரிவு அது. வெங்காய மூட்டைகளுக்கும் கழுவாத அண்டாக்களுக்கும் நடுவில் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். சமையல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஸ்டால்கள் எல்லாம் குளிர்சாதன மண்டபத்துக்குள் இருந்தன. எங்களுடையது வெளியே, மண்டபத்திலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற தாழ்வாரத்தில். சுவருக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடியது. மேலே "இன்ஸ்பிரேஷன் கார்னர்" என்று பேனர். பக்கத்து மேசையில் ஒரு தொண்டு அமைப்புக்காரர்கள் மெழுகுவர்த்தி விற்றார்கள். அவள் பேனரைப் படித்தாள், மெழுகுவர்த்திகளைப் பார்த்தாள். "மியூசிக்கு எங்கக்கா கீது?" என்றாள். உள்ளே என்று கையைக் காட்டினேன்.

சாப்பிடப் போகிறவர்களும் சாப்பிட்டு வருகிறவர்களும் எங்களிடம் நின்றார்கள். பலர் அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். அதில் நெற்றிப் பட்டை நகர்ந்துவிட்டது, மறுபடி அளவு சரிசெய்ய எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. ஒருத்தர் என்னிடம், "அவங்களுக்கு நாம பேசறது புரியுமா?" என்று கேட்டார். "புரியும் சார், உங்களுக்குத்தான் நான் பேசறது கேக்கல" என்று அவளே சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துபோனார். வாசித்துக் காட்டவா என்று கேட்டால் இன்னொரு சமயம் என்பார்கள்.

ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டார். மைக் தயாரிக்கிறவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முழுப் பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் அவளிடமே பேசினார். எத்தனை ஸ்வரம் எட்டும், மேலே போகும்போது ஏன் சத்தம் சன்னமாகிறது, இழுத்து மூச்சு வாங்கும்போதும் ஒரு ஒலி வருகிற மாதிரி செய்தால் என்ன என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். மூச்சு முட்ட முட்டச் சொன்னாள். "கழுத்த இவ்வளவு சாய்க்க வேண்டியதில்லம்மா, பாதி போதும். உங்க அக்காகிட்ட சொல்லி மாத்துங்க" என்றார். யாரோ கூப்பிடவே எழுந்து போய்விட்டார். அன்று முழுக்க அவள் அவரைப் பற்றியே பேசினாள்.

கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி படம் இருந்தது. திறந்தால் உள்ளே விருந்து நாற்காலிகளை அடுக்கிக் கூரை வரை நிரப்பியிருந்தார்கள். அண்ணன் ஒரு பெரிய துண்டை விரித்து மறைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்க, நாற்காலியில் மாட்டியிருந்த அவளுடைய சிறுநீர் சேரும் பையைத் தாழ்வாரத்தின் மூலையில் ஒரு வாளியில் காலி செய்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அரைமணிக்கு ஒருதரம் நாற்காலியைப் பின்னால் சாய்த்து இரண்டு நிமிடம் பிடிக்கவேண்டும். அவளுக்கு வலி தெரியாது. ஒரே இடத்தில் அழுந்தினால் தோல் செத்துவிடும். அண்ணி கிளம்பும்போதே அதைச் சொல்லி அனுப்பினார். கூட்டம் வரும்போது நான் அதைத் தள்ளிப்போட்டேன்.

சாயங்காலம் மேடையில் ஒத்திகை. கடற்காற்றின் ஈரம் குழாய்க்குள் இறங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. மூன்றாவது வரியில் ஒரு ஸ்வரம் மாட்டிக்கொண்டு, அவள் ஊதுவதை நிறுத்திய பிறகும் நீண்டுகொண்டே போனது. பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை மூச்சு பாதியில் முடிந்துபோய் இருமினாள். பெரிய ஸ்பீக்கர்களில் அந்த இருமல் மண்டபம் முழுக்கக் கேட்டது. குழாயைத் துடைத்து மாட்டினேன். மூன்றாவது தடவை நன்றாகவே வாசித்தாள். ஆனால் அதற்குள் அங்கே நின்றவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அண்ணன் அவளை வேனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது அமைப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், நாளைக்கு ஸ்பான்சர்ஸ் எல்லாம் முன்வரிசையில இருப்பாங்க. அந்தப் பொண்ணுக்கே அது கஷ்டமா ஆயிடக் கூடாது. நீங்க அனுப்பின ரெக்கார்டிங் கையில இருக்கா?"

பென் டிரைவ் என் பையில்தான் இருந்தது.

"பிரச்சன வந்தா மட்டும்தான?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம், ஒரு சேஃப்டிக்கு."

கொடுத்தேன். அவளிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்ல எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்பாள் என்றும் தெரிந்தது. வேனில் ஏறியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஏறினால் அவள் மைக் தயாரிப்பவர் சொன்ன யோசனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மூச்சை உள்ளே இழுக்கும்போதும் ஸ்வரம் வந்தால் இடைவெளியே இல்லாமல் வாசிக்கலாமே, அதற்கு என்ன சென்சார் வேண்டும் என்று கேட்டாள். நான் சென்சார் பற்றிப் பதில் சொன்னேன்.

மறுநாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் முறை. மேடைக்குச் சரிவு இல்லை. நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். ஒருத்தர் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க, அது கழன்று வந்தது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணன் கீழே நின்று தோளால் முட்டுக்கொடுத்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. நான் நெற்றிப் பட்டையைச் சரிசெய்து, குழாயை வாய்க்கு நேராக வைத்தேன். பெட்டியைப் பிடித்துக்கொண்டு மேடையின் ஓரமாக நின்றேன்.

தன்னை என்னவென்று அறிமுகப்படுத்த வேண்டும் என்று அவள் ஒரு துண்டுத்தாளில் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தாள். கீபோர்டு வாசிப்பவர், ஊர், கருவியின் பெயர், அவ்வளவுதான். தொகுப்பாளினி அதை வாசிக்கவில்லை. விபத்தைச் சொன்னார். கழுத்துக்குக் கீழே என்னவெல்லாம் இயங்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். விளக்குகள் மங்கின.

பாட்டு தொடங்கியது.

அவள் இன்னும் குழாயில் வாய் வைக்கவில்லை. மூச்சை நிதானப்படுத்திக்கொண்டிருந்தாள். பாட்டு அழகாக, தடங்கல் இல்லாமல், இடைவெளியே இல்லாமல் ஓடியது. என் பெட்டியில் பச்சை விளக்கு எரியவில்லை. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஏதோ கோளாறு என்று நினைத்தாள். நான் சரிசெய்வேன் என்று காத்திருந்தாள். நான் அசையவில்லை. குழாயைக் கவ்வி ஊதினாள். விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் எதுவும் மாறவில்லை. கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு தடவை ஊதினாள். பாட்டு அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் குழாயை விட்டுவிட்டு முகத்தை இடதுபக்கம், திரைச்சீலை இருக்கிற பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்னும் இரண்டரை நிமிடத்துக்கும் மேல் பாக்கி இருந்தது. பெரிய திரையில் அவள் முகம் தெரிந்தது. வாய் மூடியிருப்பதும் தெரிந்தது. அத்தனை ஒலித் தொழில்காரர்கள் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் ஒருத்தரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்தவர்கள் இருந்திருந்தால் அவர்களும் பேசாமல் இருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னிடமிருந்து நாலைந்து அடி தூரத்தில் தொகுப்பாளினியின் மைக் ஸ்டாண்டில் இருந்தது. நான் போய் அதில் சொல்லியிருக்கலாம். போகவில்லை. பாட்டு சீக்கிரம் முடியவேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேடைக்குக் கீழே நின்ற அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அது வாயே வெக்கலியேம்மா. பாட்டு எங்கேந்து வந்துச்சு?" கைதட்டலில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது.

அமைப்பாளர் மேலே வந்து அவளுக்குச் சால்வை போர்த்தினார். நினைவுப் பரிசை மடியில் வைத்தார்; அது சரிந்தது. அவள் கையை எடுத்து அதன்மேல் வைத்துத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார்.

"நான் வாசிக்கல சார்" என்றாள் அவள்.

"சூப்பரா இருந்துச்சு மேடம்" என்றார் அவர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒலிக் கட்டுப்பாட்டு மேசையில் இருந்த ஆளிடம் போய்க் கேட்டேன். பிரச்சினை வரவில்லையே, ஏன் போட்டீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. "லைவ் சேனல மொதல்ல இருந்தே ம்யூட்ல வெக்கச் சொன்னாங்க மேடம். நீங்க ஓகே சொல்லிட்டீங்கன்னாங்க" என்றார். நான் சொல்லவில்லை என்று மறுக்க வாயெடுத்தேன். ஆனால் அவர் மேசையில் என் பென் டிரைவ் சொருகியிருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன்.

வேன் ஈசியாரிலிருந்து நெம்மேலி ரோட்டில் உள்ளே திரும்பியது. இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர் தேங்கிய வெளி. வெயில் அதில் பட்டுக் கண் கூசியது. அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீ குடுத்தியா?"

"ஆமா."

"எப்போ?"

"நேத்து சாயங்காலம்."

அவ்வளவுதான் கேட்டாள். அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார். வீடு வந்ததும் நாற்காலியை இறக்க நான் கை கொடுக்கப் போனேன். "வுடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து அண்ணி போன் செய்தார். உட்காரும் இடத்தில் தோல் சிவந்து உரிந்திருந்தது. ஒரு வாரத்தில் அது குழியாகிவிட்டது. காய்ச்சல் ஏறியது. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புண் எலும்பு வரைக்கும் போயிருந்தது. செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். அவளுக்கு வலி இல்லை, ஆனால் உடம்பு வியர்த்து நடுங்கிக்கொண்டே இருந்தது. வார்டு வாசலில் அண்ணி என்னிடம் கேட்டார்.

"ரெண்டு நாள்ல எத்தினி தபா சாச்சி வெச்சீங்க?"

"மொதநாள் நாலு தடவ. ரெண்டாம் நாள் காலையில ஒரு தடவ."

அண்ணி கையிலிருந்த பிளாஸ்கை என்னிடம் கொடுத்து, வெந்நீர் வாங்கி வரச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி புண் ஆறும் வரை உட்காரக் கூடாது, குப்புறத்தான் படுக்கவேண்டும் என்றார்கள். ஏழு மாதம் அவள் குப்புறப் படுத்திருந்தாள். கன்னத்துக்குக் கீழே ஒரு தலையணை, எதிரில் தரை. நான் மாதம் ஒருமுறை போவதை விட்டுவிட்டு வாரந்தோறும் போக ஆரம்பித்தேன். கட்டு மாற்ற ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டேன். உப்புத்தண்ணீரில் கழுவி, துணித்திரியை உள்ளே வைத்து மூடவேண்டும். முதல் மாதங்களில் என் சுண்டுவிரல் பாதி உள்ளே போகும் ஆழம் இருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக எதுவும் பேசமாட்டாள்.

மூன்றாவது மாதமோ நாலாவது மாதமோ, கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது நானே கேட்டேன். "எம்மேல கோவமா இருக்கியா?"

தலையணைக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது.

"கீது. அத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? நீதான் கட்டு மாத்துற. உன்ன வராதன்னு சொல்ல எனக்கு வசதி கீதா?"

நான் துணித்திரியை உள்ளே வைத்தேன்.

"ஏங்க்கா குடுத்த?"

"நீ கஷ்டப்படறத அவங்க பாக்க வேணாம்னு நெனச்சேன்."

"அவங்க பாக்க வேணாம்னா, நீ பாக்க வேணாம்னா?"

நான் மேலே துணி வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினேன். அவள் கேட்டதைப் பற்றி அப்புறம் நிறைய யோசித்திருக்கிறேன். ஒத்திகையில் அந்த ஸ்வரம் மாட்டிக்கொண்டு நீண்டபோது, அங்கே நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோது, எனக்கு வெட்கமாக இருந்தது. நான் செய்த பெட்டிக்காக வெட்கப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவள் இருமியபோதும் அதே வெட்கம்தான் வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

மேடையில் எடுத்த வீடியோவை அமைப்பாளர்கள் இணையத்தில் போட்டிருந்தார்கள். அது அவள் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் குனிந்து, தரையைப் பார்த்திருக்கும் அவள் கண்ணுக்கு நேராக போனை நீட்டினார்கள். "அது நான் வாசிக்கல" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். என்ன அடக்கம் என்றார்கள். சர்ச்சில் அவளுக்காக நன்றி ஜெபம் செய்தார்கள். நடந்ததை விவரமாக எழுதி, அந்த வீடியோவை நீக்கிவிடும்படி அமைப்பாளருக்கு மெயில் அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. வீடியோ இன்னும் இருக்கிறது.

புண் ஆறி, ஒருநாளைக்கு ஒரு மணிநேரம் உட்காரலாம் என்ற நிலை வந்தபோது நான் கருவியை எடுத்துப் போனேன். மைக் தயாரிப்பவர் சொன்ன மாதிரி பாதி சாய்த்தாலே போதும் என்று மாற்றியிருந்தேன். மூச்சை இழுக்கும்போதும் ஸ்வரம் வரும்படி இன்னொரு சென்சார் வைத்திருந்தேன். பட்டையைக் கட்டவிட்டாள். குழாயைக் கவ்வினாள். ஊதினாள், ஒரு ஸ்வரம் வந்தது. இழுத்தாள், அதற்கும் வந்தது. இரண்டும் சுத்தமாக இருந்தன. நிறுத்திவிட்டாள்.

"இது நான் ஊதறதா, நீ வெச்சதா?"

"நீதான். நீ ஊதறதுதான்."

"எனக்கு எப்டித் தெரியும்?"

பெட்டியைத் திறந்து காட்டப் போனேன். இதில் பதிவு எதுவும் இல்லை, பதிவு வைக்க இடமே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"காட்டாதக்கா. தொறந்து காட்டினா எனக்கு இன்னா புரியும்? மொதல்ல நீ சொன்னாப் போதும். இப்ப போதல."

கோபமாகச் சொல்லவில்லை. அதன்பிறகு அவள் வாசிக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை நான் கேட்டுப் பார்த்தேன், பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். கீபோர்டைச் சர்ச்சுக்கே கொடுத்துவிடச் சொன்னாள். அண்ணன் வேனில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

மழைக்காலத்தில் அவளே ஒரு வேலை சொன்னாள். அண்ணி சமையலறையிலோ கொல்லையிலோ இருந்தால் கூப்பிட முடியவில்லை, குரல் எட்டவில்லை. ஊதினால் அங்கே மணி அடிக்கிற மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டாள். ஒரு மதியத்தில் செய்து முடித்தேன். அந்தச் சென்சார், அந்தக் குழாய், கடையில் வாங்கிய ஒரு சாதாரண காலிங் பெல். பெட்டியின் மற்ற பாகங்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஊதிப் பார்த்தாள். கொல்லையில் மணி அடித்தது. அண்ணி ஈரக்கையோடு ஓடிவந்து, "இன்னா ஆச்சு?" என்றார். "சும்மாத்தான் அண்ணி" என்றாள். இன்னொரு தடவை ஊதினாள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் போகிறேன். புண் இருந்த இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, கை கால்களை மடக்கி நீட்டிவிட்டு, தலைக்கு எண்ணெய் வைப்பேன். பழைய கம்பெனியில் யார் யார் எங்கே போனார்கள் என்று பேசுவோம். பாட்டைப் பற்றிப் பேசமாட்டோம். பக்கத்து வீட்டில் பாட்டு போட்டால் ஜன்னலைச் சாத்தச் சொல்வாள். போன வாரம் நான் கிளம்பப் பையை எடுத்தபோது குழாய்ப் பக்கம் தலையைத் திருப்பி ஊதினாள். அண்ணி வந்தார்.

"அக்காவுக்கு டீ போட்டுக் குடு அண்ணி. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கீது" என்றாள்.

நான் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.